காய்ச்சலை ஓட்டிய கால்வாய்கள்

சென்ற ஆண்டு பள்ளி விடுமுறைக்கு முன்னால் எங்கள் தோட்டப் பள்ளியின் ஆறாம் ஆண்டு மாணவர்களை ஒரு நாள் சுற்றுலாவாகச் சிங்கப்பூருக்கு அழைத்துச் சென்றோம். ஜொகூர்ப் பாலத்தைக் கடந்து, சிராங்கூன் சாலையில் தோசை சாப்பிட்டுவிட்டு, பிற்பகலில் சாங்கியிலுள்ள போர்க்கைதிகள் நினைவு அரும்பொருளகத்துக்குப் போனோம். பிள்ளைகளுக்கு அங்கே அதிக நேரம் நிற்கப் பொறுமையில்லை. சாங்கி என்றாலே அவர்களுக்கு விமான நிலையம்தான். ஆனால் ஒரு பையன் மட்டும் என் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான். "சார், இவங்க எல்லாம் குண்டு பட்டா செத்தாங்க?" என்று கேட்டான். "இல்லையப்பா, பாதிப்பேருக்கு மேல் நோயினாலும் பட்டினியினாலும்தான்" என்றேன். அவன் சற்று யோசித்துவிட்டு, "எங்க தாத்தாவோட அப்பாவும் சயாம் ரயிலுக்குப் போய்க் குளிர்காய்ச்சல்லதான் செத்தாராம். அவருக்கு ஏன் சார் மருந்து குடுக்கல?" என்றான்.

இந்தக் கேள்விக்கு ஒரு வரியில் விடை சொல்ல எனக்குத் தெரியவில்லை. திரும்பி வரும்போது பேருந்தில் அரைகுறையாக ஏதோ சொல்லி வைத்தேன். அந்தப் பையனுக்குச் சொல்லியிருக்க வேண்டியதைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ளப் போகிறேன். மலேரியா என்ற நோயை மனிதன் எப்படி அறிந்தான், எப்படி எதிர்த்தான் என்ற வரலாற்றில் நம்முடைய தோட்டங்களுக்கும், நம் முன்னோர் வெட்டிய கால்வாய்களுக்கும், சிங்கப்பூருக்கும் பெரிய இடம் உண்டு. உலகப் புத்தகங்கள் அதைக் கொஞ்சமாகவே சொல்லுகின்றன.

தோட்டத்துப் பெரியவர்கள் மலேரியா என்ற பெயரை அதிகம் சொல்லமாட்டார்கள். குளிர்காய்ச்சல், முறைக்காய்ச்சல், காட்டுக்காய்ச்சல் என்பார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் முறை வைத்தாற்போல வருவதால் முறைக்காய்ச்சல். முதலில் பல் கிட்டிப்போகும் குளிர்; கம்பளி, சாக்கு எல்லாவற்றையும் போட்டு மூடினாலும் நடுக்கம் நிற்காது. அடுத்து நெருப்பாய் ஒரு காய்ச்சல். பின்னர் உடம்பெல்லாம் வியர்த்து ஓய்ந்துவிடும். மறுநாள் மனிதன் எழுந்து பெரட்டுக்குப் போய்விடுவான். அதற்கும் மறுநாள் அதே நேரத்துக்கு மீண்டும் குளிர். இப்படிப் பல மாதம் அடித்தால் இரத்தம் சுண்டி, முகம் வெளுத்து, இடப்பக்க விலாவுக்குக் கீழே மண்ணீரல் கல்லைப்போல் வீங்கிவிடும்.

ஏன் இந்த முறை? 1880-இல் அல்ஜீரியாவில் பணிபுரிந்த லவெரான் என்ற பிரெஞ்சு இராணுவ மருத்துவர், காய்ச்சல்காரர் ஒருவரின் இரத்தத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தபோது, அதில் உயிருள்ள ஒரு நுண்ணிய ஒட்டுண்ணி அசைவதைக் கண்டார். அது இரத்தத்தின் சிவப்பணுவுக்குள் புகுந்து, அதைத் தின்று வளர்ந்து, பலவாகப் பெருகி, அணுவை உடைத்துக்கொண்டு வெளியே வருகிறது. இலட்சக்கணக்கான அணுக்கள் ஏறத்தாழ ஒரே நேரத்தில் உடைவதால்தான் அந்தக் குளிர். அணுவுக்குள் அது வளர எடுக்கும் காலமே காய்ச்சலின் முறை. சரி, அது ஒருவர் உடம்பிலிருந்து இன்னொருவர் உடம்புக்கு எப்படிப் போகிறது? சதுப்பிலிருந்து எழும் கெட்ட காற்றினால் என்றே பலரும் நம்பினார்கள். மலேரியா என்ற இத்தாலியச் சொல்லுக்கே கெட்ட காற்று என்றுதான் பொருள்.

இந்த முடிச்சை அவிழ்த்தவர் ரொனால்டு ராஸ். இமயமலை அடிவாரத்து அல்மோராவில் பிறந்து, 1881-இல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து, சென்னை மாகாணத்தில் வேலை பார்த்த வெள்ளைக்கார மருத்துவர். நீலகிரிக்குப் போயிருந்தபோது சீகூர் மலைப்பாதையில் அவரையே மலேரியா பிடித்தது. அங்கே ஒரு சுவரில், வாலைத் தூக்கிக்கொண்டு விசித்திரமாய் உட்கார்ந்திருந்த, சிறகில் புள்ளிகளுள்ள ஒரு கொசுவை அவர் கவனித்தார். பிறகு 1897 ஆகஸ்டு 20 அன்று செகந்திராபாத்தில், உசேன் கான் என்ற நோயாளியைக் கடித்த அத்தகைய கொசுவின் வயிற்றை அறுத்துப் பார்த்தபோது, அதன் இரைப்பைச் சுவரில் நோயின் கரு வளர்ந்திருப்பதைக் கண்டார். கொசு ஒன்றுக்கு ஓர் அணா வீதம் கூலி பெற்றுக்கொண்டு உசேன் கான் கடிபட்டார் என்பதையும் நாம் மறந்துவிடக் கூடாது. மறுஆண்டு கல்கத்தாவில் பறவைகளின் மலேரியாவைக் கொண்டு, ஒட்டுண்ணி கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பிக்கு வந்து சேருவதையும் ராஸ் காட்டினார். மனித மலேரியாவைப் பரப்புவது அனோபிலிஸ் இனப் பெண் கொசுவே என்பதை இத்தாலியர்கள் உறுதி செய்தார்கள். 1902-இல் ராசுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

பரிசு கிடைத்தது, நோய் போகவில்லை. கொசுதான் காரணம் என்று தெரிந்ததும் கொசுவை ஒழிக்க முடியுமா என்று பார்த்த இடங்களில் முதன்மையானது நம் கிள்ளான்.

1901-இல் மால்கம் வாட்சன் என்ற இளம் ஸ்காட்லாந்து மருத்துவர் கிள்ளான் மாவட்டத்துக்கு வந்தார். அதே ஆண்டு செப்டம்பரில் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தைத் திறந்தார்கள். அதுதான் இன்றைய போர்ட் கிள்ளான். திறந்த சில வாரங்களிலேயே துறைமுகத் தொழிலாளர்கள் கூட்டங்கூட்டமாய்க் காய்ச்சலில் விழுந்தார்கள். துறைமுகத்தையே மூடிவிடலாமா என்ற பேச்சு எழுந்தது. வாட்சன் சதுப்பை வடிக்கக் கால்வாய் வெட்டச் சொன்னார். சுற்றியிருந்த காட்டை அழிக்கச் சொன்னார். கிள்ளானிலும் துறைமுகத்திலும் சேர்த்து 1901-இல் காய்ச்சலால் இறந்தவர்கள் 368 பேர். 1902-இல் 59 பேர். 1903-இல் 46 பேர். மருந்தினால் வந்த மாற்றம் அல்ல இது, மண்வெட்டியினால் வந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்ப்போம். அந்தக் காலத்தில்தான் ரப்பர் தோட்டங்கள் மளமளவென்று திறக்கப்பட்டன. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி வந்த நம் மக்கள் காட்டை வெட்டினார்கள், எரித்தார்கள், கன்று நட்டார்கள். புதுத் தோட்டங்கள் சிலவற்றில் ஒரே ஆண்டில் ஆயிரம் பேருக்கு இருநூறு பேருக்கும் மேல் இறந்தார்கள். ஐந்தில் ஒருவர்! ஊரிலிருந்து ஒன்றாய்க் கிளம்பி வந்த ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். வெள்ளைக்காரத் துரைமார்கள் மலேரியா ஒழிப்புக்குப் பணம் செலவழித்ததற்கு இரக்கம் மட்டுமே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ஆளைக் கொண்டுவருவதற்கு ஆன செலவு, ஆள் இறந்துபோனால் நஷ்டம். படுத்துக் கிடந்தால் மரம் சீவ ஆளில்லை. காய்ச்சலைத் தடுப்பது ஆளை இழப்பதைவிட மலிவு என்று வாட்சன் கணக்குப் போட்டுக் காட்டினார், அதனால் கேட்டார்கள். எந்தக் காரணமாயினும் பிழைத்தவர்கள் நம் மக்கள்.

வாட்சன் நோயை அளந்த முறை எளியது. தோட்டத்துக்குப் போய் லயத்துப் பிள்ளைகளை வரிசையாய் நிற்கவைத்து, ஒவ்வொரு பிள்ளையின் வயிற்றையும் தொட்டுப் பார்ப்பார். நூறு பிள்ளைகளில் எத்தனை பேருக்கு மண்ணீரல் வீங்கியிருக்கிறது என்று குறித்துக்கொள்வார். இந்தக் கணக்கை லயம் லயமாய் எடுத்தபோது, சமநிலத் தோட்டங்களில் காட்டோரத்து லயங்களில்தான் வீக்கம் அதிகம் என்பதும், காட்டைவிட்டு அரை மைல் தள்ளியிருக்கும் லயங்களில் மிகக் குறைவு என்பதும் தெரிந்தது. ஆகவே, காட்டை விலக்கு, கால்வாய் வெட்டு, லயத்தைத் தள்ளிக் கட்டு என்றார். நம் பிள்ளைகளின் வயிறே அவருக்கு அளவுகோலாய் இருந்தது.

ஆனால் அதே வைத்தியத்தை மலைப்பாங்கான தோட்டங்களில் செய்தபோது முற்றிலும் எதிரான விளைவு ஏற்பட்டது. காட்டை வெட்டினார்கள், ஓடைகளைச் சுத்தமாக்கினார்கள். காய்ச்சல் குறைவதற்குப் பதில் கூடியது. வாட்சன் குழம்பினார். காரணத்தைத் தேடியபோதுதான் எல்லா அனோபிலிசும் ஒன்றல்ல என்பது புரிந்தது. சமநிலக் காட்டில் இருட்டான, தேங்கிய நீரில் வளர்வது உம்புரோசஸ் என்ற வகை. காடு போனால் அதுவும் போய்விடும். மலைச்சரிவில் இருப்பது மகுலேட்டஸ் என்ற வகை. அதற்கு நிழல் ஆகாது. வெயில் படும் தெளிந்த ஓடை நீர்தான் வேண்டும். காட்டை வெட்டியதும் அதற்கு நாமே வீடு கட்டிக் கொடுத்ததாகிவிட்டது. சாக்கடை நீரில்தான் கொசு வரும் என்று இன்றும் நம்மில் பலர் நினைக்கிறோம். மலேரியாக் கொசு குடிக்கத்தக்க தண்ணீரில்கூட முட்டையிடும்.

மலையோடைக்கு வாட்சன் கண்ட வழி நிலத்தடிக் குழாய். பள்ளத்தாக்கின் அடியில் சுட்ட மண் குழாய்களை வரிசையாய்ப் புதைத்து, மேலே கல்லும் மண்ணும் போட்டு மூடிவிடுவது. ஊற்று நீர் வெளிச்சத்தையே பாராமல் உள்ளுக்குள் ஓடிப்போய்விடும். கொசுவுக்கு முட்டையிட இடமில்லை. அதற்கு வசதியில்லாத இடங்களில் 1914 முதல் எண்ணெய் தெளித்தார்கள். நீரின் மேல் எண்ணெய்ப் படலம் நின்றால் கொசுப்புழு மூச்சுவிட முடியாமல் சாகும். முதுகில் தகரப் பீப்பாயைச் சுமந்துகொண்டு ஒவ்வொரு வாரமும் ஓடை ஓடையாய் எண்ணெய் அடிப்பது தோட்டத்தில் ஒரு தனி வேலையாகவே இருந்தது. என் பாட்டனார் சில காலம் அந்த வேலை செய்தவர். அவர் சட்டையில் எத்தனை முறை துவைத்தாலும் அந்த வாடை போகாது என்று பாட்டி சொல்லுவார்.

எந்தக் கொசு எங்கே வளர்கிறது என்று அறிந்து அதை மட்டும் குறிவைத்து ஒழிப்பது என்ற இந்தக் கொள்கை மலாயாவிலும், அண்டையிலிருந்த டச்சுக்காரர்களின் ஜாவாவிலும் வளர்ந்து உலகமெங்கும் பரவியது. சிங்கப்பூர் 1911-இல் வாட்சனை அழைத்து ஆலோசனை கேட்டது. துறைமுகத்தை அடுத்த தெலுக் பிளாங்காவில் அப்போது கடுமையான காய்ச்சல். மேட்டு நிலச் சரிவுகளில் குழாய் புதைத்து, கால்வாய் வெட்டி, அங்கே நோயைப் பெரிதும் குறைத்தார்கள். நகரத்தில் தொடங்கிய வேலை மெல்ல நாட்டுப்புறத்துக்கும் போயிற்று. 1934-இல் பன்னாட்டுச் சங்கத்தின் சுகாதாரப் பிரிவு ஆசிய மருத்துவர்களுக்கான மலேரியாப் பயிற்சி வகுப்பைச் சிங்கப்பூரில் தொடங்கியது. பல நாட்டு மருத்துவர்கள் இங்கே வந்து படித்தார்கள் என்றால், படிப்பதற்கு ஏதோ இருந்தது என்றுதானே பொருள்.

சாங்கிக்கு வருவோம். தீவின் கிழக்கு முனையான சாங்கியில் அன்று சதுப்பும் அலையாத்திக் காடும் அதிகம். 1920-களின் பிற்பகுதியில் பிரிட்டிஷ் இராணுவம் அங்கே பீரங்கித் தளமும் பாசறையும் கட்ட முற்பட்டபோது, காடு வெட்டிச் சதுப்பை வடிப்பதுதான் முதல் வேலையாய் இருந்தது. கடலோரத்துக்கென்று இன்னொரு கொசு உண்டு. சுண்டைக்கஸ் என்று பெயர். உப்பும் நன்னீரும் கலந்த, வெயில் படும் தேக்கங்களில் அது வளரும். அலையாத்தியை வெட்டிவிட்டு நீரை ஒழுங்காக வடிக்காமல் விட்டால் அது பெருகிவிடும். மலையில் மகுலேட்டஸ் கற்பித்த அதே பாடத்தைக் கடற்கரையில் இது கற்பித்தது. ஒருவழியாய்ச் சதுப்பு வடிந்து, சாலை வந்து, பாசறைகள் எழுந்து, 1936-இல் சிறைச்சாலையும் கட்டி முடித்தார்கள்.

இனி மருந்தின் கதை. கொய்னா மருந்து என்று நம் பாட்டிமார் சொல்லுவது குவினைன். தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலையில் வளரும் சின்கோனா மரத்தின் பட்டையிலிருந்து வருவது. நாக்கைச் சுருட்டும் கசப்பு. இந்த மரத்தை ஆசியாவுக்குக் கொண்டுவர ஐரோப்பியர்கள் போட்டியிட்டார்கள். ஆங்கிலேயர் 1860-களில் நீலகிரியில் தொட்டபெட்டா, நடுவட்டம் ஆகிய இடங்களில் நட்டார்கள். இதில் நமக்கு வியப்பான ஒரு செய்தி உண்டு. மலாக்கா நீரிணைக் குடியேற்றங்களில் தண்டனை பெற்றுச் சென்னை மாகாணச் சிறைகளுக்கு அனுப்பப்பட்ட சீனக் கைதிகளை நடுவட்டத்துச் சின்கோனாத் தோட்டத்தில் வேலை வாங்கினார்கள். விடுதலையான பின் சிலர் அங்கேயே தங்கித் தமிழ்ப் பெண்களை மணந்து குடும்பம் நடத்தினார்கள். நம்மவர் இங்கே வந்து ரப்பர் நட்டதுபோல, இங்கிருந்து போன சீனர் அங்கே கொய்னா மரம் நட்டிருக்கிறார்கள்.

ஆனால் போட்டியில் வென்றவர்கள் டச்சுக்காரர்கள். மருந்துச் சத்து மிகுந்த விதையைப் பொலிவியாவில் சேகரித்தவர் மனுவேல் இன்க்ரா மாமானி என்ற பழங்குடி மனிதர். அவருடைய எசமானர் லெட்ஜர் 1865-இல் அந்த விதையை விற்க முயன்றார். ஆங்கிலேயர் அக்கறை காட்டவில்லை. டச்சுக்காரர்கள் ஒரு பவுண்டு எடையை அற்ப விலைக்கு வாங்கி ஜாவாவில் விதைத்தார்கள். விதை கொடுத்த குற்றத்துக்காக மாமானியை அவர் நாட்டில் சிறையிலடைத்து அடித்தார்கள். அதனாலேயே அவர் உயிர் போயிற்று. 1930-களில் உலகக் குவினைனில் பத்தில் ஒன்பது பங்கு ஜாவாவிலிருந்து வந்தது. உலகத்தின் மருந்துப் பெட்டியே ஒரு தீவில்!

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச்சில் ஜாவாவும் வீழ்ந்தது. மருந்துப் பெட்டி ஜப்பானியர் கைக்குப் போய்விட்டது. நேச நாடுகள் மெபாக்கிரின் என்ற செயற்கை மருந்தைப் பெருமளவில் செய்து தம் படைகளுக்குக் கொடுத்துச் சமாளித்தன. தின்றவர்களின் தோல் மஞ்சளாகிவிடும். ஆனாலும் உயிர் தப்பும். கைதிகளுக்கு அந்த வழியும் இல்லை. இந்தியப் படைவீரர்கள் இன்றைய லிட்டில் இந்தியாவை ஒட்டிய ஃபேரர் பூங்காவில் திரட்டப்பட்டார்கள். பிரிட்டிஷ், ஆஸ்திரேலியக் கைதிகள் பல்லாயிரவர் சாங்கியில் அடைக்கப்பட்டார்கள். சாங்கியில் கைதிகளே குழு அமைத்துக் கால்வாய்களைச் சுத்தம் செய்து, கிடைத்த எண்ணெயைத் தெளித்துக் கொசுவைக் கட்டுக்குள் வைக்கப் பாடுபட்டார்கள். கையில் மருந்தில்லாவிட்டாலும் வாட்சனின் முறை கையிலிருந்தது. அதனால் சாங்கி, கைதி முகாம்களிலேயே ஓரளவு பிழைக்கக்கூடிய இடமாயிருந்தது.

சயாம் அப்படியில்லை. 1943 ஏப்ரலில் சாங்கியிலிருந்து புறப்பட்ட எஃப் படை என்ற பிரிவில் சுமார் ஏழாயிரம் பேர். ஆண்டு முடிவதற்குள் அவர்களில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்துவிட்டார்கள். காலரா, சீதபேதி, ஆறாப் புண், பட்டினி, எல்லாவற்றோடும் மலேரியா. மலேரியா பிடிக்காத ஆளே இல்லை எனலாம். இவ்வளவுக்கும் இவர்களோடு இவர்களுடைய மருத்துவர்கள் இருந்தார்கள். நீரைக் கொதிக்கவைக்க, கழிவறை வெட்ட, நோயாளியைப் பிரித்துவைக்க உத்தரவிடும் அதிகாரிகள் இருந்தார்கள்.

நம்மவர்களோடு யார் இருந்தார்கள்? மலாயாவிலிருந்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் அந்த ரயில்பாதைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள். சிலர் நல்ல சம்பளம் என்ற பேச்சை நம்பிப் போனார்கள். சிலர் சினிமாக் காட்டுகிறோம் என்று கூட்டம் கூட்டி லாரியில் ஏற்றப்பட்டதாகப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். பெண்டு பிள்ளைகளோடு போனவர்களும் உண்டு. கொட்டும் மழையில், ஓலைக் கூரையின் கீழ், மருத்துவர் இல்லை, கொய்னா இல்லை, கொசுவலை இல்லை, ஒழுங்கு செய்ய ஆளில்லை. போர்க்கைதிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் இறந்தார் என்றால் நம்மவரில் அதைவிட மிக அதிக விகிதத்தில் இறந்தார்கள். கைதிகளின் பெயர்கள் பட்டியலில் இருக்கின்றன, கல்லறைகளில் இருக்கின்றன. நம்மவரில் பெரும்பாலோருக்குப் பட்டியலும் இல்லை, கல்லறையும் இல்லை.

ஒன்றைச் சொல்ல வேண்டும். சாவு மிஞ்சிப்போன பிறகு, 1943-இன் நடுவில், சாங்கிக் கைதிகளிலிருந்தே மருத்துவர்களும் உதவியாளர்களுமாய் கே படை, எல் படை என்று இரண்டு சிறு பிரிவுகளை ஜப்பானியர் அனுப்பினார்கள். ஆசியத் தொழிலாளர்களுக்கு மருத்துவம் பார்ப்பதற்காக. சில நூறு பேர். பல்லாயிரம் நோயாளிகள். மருந்துப் பெட்டியில் ஒன்றுமில்லை. எந்த மருத்துவராலும் வெறுங்கையால் மலேரியாவைத் தீர்க்க முடியாது.

அந்தப் பையனுக்கு விடை இதுதான். நோய்க்குக் காரணம் என்ன என்பது அவனுடைய கொள்ளுத்தாத்தா இறப்பதற்கு 46 ஆண்டுகளுக்கு முன்பே தெரியும். தடுக்கும் வழி அவர் உயிரோடிருந்த காலத்திலேயே அவர் நாட்டுத் தோட்டங்களில் நடைமுறையில் இருந்தது. அவரே ஒரு கால்வாயை வெட்டியிருக்கக்கூடும். மருந்தும் ஜாவாவில் இருந்தது, அதுவும் அவரைக் கொண்டுபோனவர்களின் கையிலேயே இருந்தது. தெரியாததனால் அவர் சாகவில்லை. கொடுக்காததனால் செத்தார்.

போருக்குப் பிறகு நிலைமை விரைவாய் மாறியது. டி.டி.டி. என்ற பூச்சிமருந்தை லயத்துச் சுவர்களில் அடித்தார்கள். குளோரோகுவின், பாலுட்ரின் மாத்திரைகள் வந்தன. கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் பணியாற்றிய ஃபீல்டு என்பவர் இரத்தத் துளியை விரைவாய்ச் சாயமேற்றிப் பார்க்கும் முறை ஒன்றைக் கண்டிருந்தார். அவர் பெயரிலேயே அந்தச் சாயம் இன்றும் உலகெங்கும் வழங்குகிறது. 1955-இல் உலகச் சுகாதார நிறுவனம் மலேரியாவையே உலகத்திலிருந்து துடைத்துவிடுவோம் என்று கிளம்பியது. அது நடக்கவில்லை. கொசு பூச்சிமருந்துக்குப் பழகிற்று. ஒட்டுண்ணி குளோரோகுவினுக்குப் பழகிற்று. இலங்கையின் கதை எல்லோருக்கும் எச்சரிக்கையாய் அமைந்தது. 1934-35-இல் சுமார் 80,000 பேரைப் பலிகொண்ட அந்தத் தீவில், 1963-இல் வெறும் 17 பேருக்குத்தான் மலேரியா. வெற்றி வந்துவிட்டது என்று கைகளைத் தளர்த்தினார்கள். 1960-களின் இறுதியில் இலட்சக்கணக்கானோரை அது மீண்டும் பிடித்தது. பின்னர் விடாமல் உழைத்து 2016-இல்தான் மலேரியா அற்ற நாடு என்ற சான்றிதழை இலங்கை பெற்றது. சிங்கப்பூருக்கு அந்தச் சான்றிதழ் 1982-லேயே கிடைத்துவிட்டது. சாங்கியில் புதிய விமான நிலையம் திறந்ததற்கு மறுஆண்டு அது.

மருந்துத் துறையில் அடுத்த பெரிய செய்தி சீனாவிலிருந்து வந்தது. 1967-இல் தொடங்கிய ஓர் இரகசிய ஆராய்ச்சித் திட்டத்தில், டூ யூயூ என்ற அம்மையார் பழைய சீன வைத்திய நூல்களைப் புரட்டி, ஒரு வகை மாசிப்பத்திரிச் செடியில் மலேரியா மருந்து இருப்பதைக் கண்டார். கொதிக்கவைத்தால் சத்துப் போய்விடுகிறது என்பதை ஒரு பழைய நூலின் குறிப்பிலிருந்து ஊகித்து, குறைந்த சூட்டில் பிரித்தெடுத்தார். ஆர்ட்டிமிசினின் என்ற அந்த மருந்துதான் இன்று உலகின் முதன்மை மலேரியா மருந்துக்கு அடிப்படை. 2015-இல் அவருக்கு நோபல் பரிசு வந்தது. நம் சித்த வைத்தியச் சுவடிகளையும் யாராவது இந்தக் கண்ணோடு பொறுமையாய்ப் படித்தால் நன்றாயிருக்கும் என்று எனக்கு ஓர் ஆசை உண்டு.

தடுப்பூசிக்கு மட்டும் ஏன் இவ்வளவு காலம்? அம்மை நோய்க்கிருமியைப்போல மலேரியா ஒட்டுண்ணி எளிய உயிரல்ல. கொசுவில் ஓர் உருவம், நம் கல்லீரலில் வேறோர் உருவம், இரத்தத்தில் இன்னோர் உருவம் என்று வேடம் மாற்றிக்கொண்டே இருக்கும். உடம்பின் காவலர்கள் ஒரு முகத்தைப் பழகுவதற்குள் அது முகத்தை மாற்றிவிடும். கொசு கடித்தவுடன் உள்ளே நுழையும் உருவத்தின் மேற்போர்வையைக் குறிவைத்து 1987-இல் ஒரு தடுப்பூசியை உருவாக்கினார்கள். அதைச் சோதித்து, திருத்தி, ஆப்பிரிக்கக் குழந்தைகளுக்குப் போடலாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது 2021 அக்டோபரில். முப்பத்துநான்கு ஆண்டுகள்! 2023-இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் உருவாக்கி, இந்தியாவின் பூனா நகரில் தயாராகும் இரண்டாவது தடுப்பூசியும் பரிந்துரை பெற்றது. இரண்டுமே முழுக் காப்பு அல்ல. முதல் ஊசி நான்கு தவணை போட்டும் நோய் வருவதை மூன்றில் ஒரு பங்கு சற்றே அதிகமாகக் குறைத்தது, அவ்வளவுதான். ஆனால் 2023-இல் உலகில் மலேரியாவால் இறந்தவர்கள் ஏறத்தாழ ஆறு இலட்சம் பேர், பெரும்பாலும் ஆப்பிரிக்கச் சிறு குழந்தைகள். அதில் ஒரு பங்கைக் குறைப்பது சிறிய காரியமல்ல.

நம் மலேசியாவில் 2018 முதல் மனிதரிடமிருந்து மனிதருக்கு உள்நாட்டிலேயே பரவும் மலேரியா பதிவாகவில்லை. ஆனால் இதைக் கேட்டு நிம்மதியாய் வானொலியை மூடிவிடாதீர்கள். குரங்கு மலேரியா என்று ஒன்று உண்டு. நீண்டவால் குரங்கின் உடம்பில் வாழும் ஒட்டுண்ணி அது. நோலெசை என்று பெயர். 1965-இல் பகாங் காட்டில் வேலை செய்த ஓர் அமெரிக்கரிடம்தான் அது இயற்கையாய் மனிதனுக்கு வந்தது முதன்முதலில் தெரிந்தது. அபூர்வம் என்று விட்டுவிட்டார்கள். 2004-இல் பல்பீர் சிங், ஜேனட் காக்ஸ் சிங் ஆகியோரின் குழு சரவாக்கின் காப்பிட்டில் ஆராய்ந்தபோது, வேறு வகை என்று உருப்பெருக்கியில் தவறாய் எழுதப்பட்டிருந்த பலருடைய நோய் உண்மையில் இதுதான் என்பது வெளிப்பட்டது. சிங்கப்பூரிலும் 2007-இல் காட்டுப் பயிற்சிக்குப் போன ஒரு படைவீரருக்கு இது வந்தது. மலேசியாவில் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோருக்கு வருகிறது. சிலர் இறக்கவும் செய்கிறார்கள். யாருக்கு வருகிறது? காட்டோரத்தில் வேலை செய்பவர்களுக்கு. செம்பனை, ரப்பர்த் தோட்டக்காரர்களுக்கு. காட்டை நாம் வெட்ட வெட்டக் குரங்கு தோட்டத்து ஓரத்துக்கு வருகிறது, கொசுவும் கூடவே வருகிறது. இந்தக் கொசு வீட்டுக்குள் வருவதைவிட அந்தி நேரத்தில் வெளியே கடிப்பது அதிகம். ஆகவே சுவரில் மருந்தடிப்பதோ வலை கட்டுவதோ மட்டும் போதாது. ஒட்டுண்ணி 24 மணி நேரத்துக்கு ஒருமுறை பெருகுகிறது. அதனால் நாள்தோறும் காய்ச்சல், விரைவாய் ஆபத்து. நல்லவேளையாக, நேரத்தோடு கண்டுபிடித்தால் ஆர்ட்டிமிசினின் கலந்த மாத்திரையில் குணமாகிவிடும்.

எங்கள் தோட்டத்தில் இரண்டாண்டுகளுக்கு முன் ஒரு தகப்பனாருக்கு நான்கு நாள் காய்ச்சல். டெங்கியாக இருக்கும் என்று ஒரு மருந்தகத்தில் மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஐந்தாம் நாள் பெரிய மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போனபோதுதான், "எங்கே வேலை செய்கிறார்?" என்று யாரோ கேட்டார்கள். காட்டோரத்துப் புது நிரையில் குலை வெட்டுகிறார் என்று மனைவி சொன்னதும் இரத்தத் துளி எடுத்துப் பார்த்தார்கள். குரங்கு மலேரியாதான். பிழைத்துக்கொண்டார். அந்தக் கேள்வியை யாரும் கேட்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. காட்டோர வேலை, காய்ச்சல் என்றால், "மலேரியா இரத்தப் பரிசோதனை எடுங்கள்" என்று நாமே கேட்கலாம். அரசு மருந்தகங்களில் அதைச் செய்து கொடுப்பார்கள்.

சாங்கியில் என்னைக் கேள்வி கேட்ட பையன் அந்தத் தகப்பனாரின் மகன்தான். பேருந்தில் தடுப்பூசி பற்றிச் சொன்னபோது, "அது நம்ம தோட்டத்துக்கு எப்ப சார் வரும்?" என்று கேட்டான். இப்போதுள்ள இரண்டு ஊசியும் ஆப்பிரிக்காவில் கொல்லும் வகைக்காகச் செய்தவை, குரங்கு மலேரியாவுக்கு இன்னும் ஊசி இல்லை என்றேன். "அப்ப யாராச்சும் கண்டுபிடிக்கணும்" என்று சொல்லிவிட்டு, சன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டான்.